மரை கழன்ற கத்தி

வஞ்சரம் வாங்கி வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மீன் நறுக்கி முடித்த கத்தியை என் மனைவி மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள். முகம் சுளித்தது. "ஏங்க, சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன், எலுமிச்சம்பழத் தோலும் தேய்த்துவிட்டேன். நாற்றம் போகவில்லை. இது கத்தியில் இல்லை, பிடிக்குள் இருக்கிறது" என்றாள்.

அந்தக் கத்தி எங்கள் வீட்டுக்கு வந்து பதினொரு வருடம். அலகு இன்னும் நன்றாகத்தான் இருந்தது. மரப்பிடியைச் சுத்தியலால் தட்டிப் பிளந்தேன். உள்ளே காம்பு என்று ஒன்று, அதாவது பிடிக்குள் நுழையும் அலகின் வால், இருந்த இடத்தில் செதில் செதிலாகத் துரு; நடுவில் பென்சில் முனை அளவுக்கு மட்டும் இரும்பு மிச்சம். துருவோடு மீன் இரத்தமும் மரத்தூளும் கலந்து கறுப்பாக ஒரு களிம்பு. நாற்றம் அங்கிருந்துதான். பதினொரு வருடமாக அலகைக் கழுவினோம், துடைத்தோம், சாணை பிடித்தோம். பிடிக்குள் இருந்ததை ஒருவரும் பார்க்கவில்லை, பார்க்க வழியும் இல்லை.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டிலிருந்து தேவனாம்பட்டினம் கடற்கரை மூன்று கிலோமீட்டருக்குள். சாவி, சைக்கிள் கம்பி, ஜன்னல் கொக்கி எல்லாவற்றின் மேலும் உப்புக் காற்றின் கை உண்டு. வெளியே பிடிக்கிற துருவைத் தேய்த்துவிடலாம். மூடிய இடத்தில் பிடிக்கிற துருவை என்ன செய்வது? அன்று மாலையே முடிவு செய்தேன்: அடுத்த கத்தியைக் கழற்றிப் பூட்டுகிற மாதிரி நானே செய்வது. பிடியின் பின்பக்கம் ஒரு குமிழ். அதைத் திருகினால் பிடி, இடையில் வரும் பித்தளைத் தகடு, அலகு எல்லாம் தனித்தனியாக வந்துவிட வேண்டும். மனைவியிடம் சொன்னேன். "உங்களுக்குத்தான் மரை கழன்றுவிட்டது என்று நினைத்தேன். இனி கத்திக்குமா?" என்றாள். பெயர் அன்றைக்கே விழுந்துவிட்டது.

நான் கொல்லன் இல்லை, கணக்கு எழுதிப் பிழைத்தவன். தண்ணீர் மோட்டாருக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை, அதில் ஒரு வைஸ், ஒரு ஆங்கிள் கிரைண்டர், கையால் பிடிக்கும் டிரில், புதுச்சேரி மகாத்மா காந்தி வீதி ஞாயிறு சந்தையில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்த அரங்கள், உள்மரை போடும் டேப்பும் வெளிமரை போடும் டையும். இவ்வளவுதான் பட்டறை. அடித்து நீட்டும் வேலைக்கு முதுநகர் பக்கம் ஓர் ஆசாரி இருக்கிறார். கடைசல் வேலைக்குப் படகு எஞ்சின்களுக்கு உதிரி செய்து தரும் ஒரு லேத்துக்காரர். இந்த இரண்டு பேரும் இல்லாவிட்டால் இந்தக் கத்தி காகிதத்திலேயே இருந்திருக்கும்.

கழற்றும் கத்தி புதிய யோசனை என்று நான் முதலில் நினைத்துக்கொண்டேன். இல்லை. ஜப்பானியர்களின் வாளில் பிடிக்குள் நுழையும் காம்பைத் தாங்குவது குறுக்கே செருகிய ஒரு மூங்கில் ஆணி. அதைத் தட்டி எடுத்தால் வாள் வெளியே வந்துவிடும். நம் நாட்டுத் தல்வார் வாள்களில் காம்பை அரக்கு ஊற்றிப் பிடிக்குள் நிறுத்துவார்கள். சூடு காட்டினால் அரக்கு இளகும், பிடி கழலும். அரக்குக்கு இன்னொரு குணமும் உண்டு: உள்ளே வெற்றிடம் விடாது, தண்ணீர் தங்க இடம் இருக்காது. என் பழைய கத்தியில் காம்பைச் சூடாக்கி மரத்துக்குள் இறக்கியிருந்தார்கள். சுற்றிலும் மரம் கருகி ஒரு மெல்லிய இடைவெளி. தண்ணீர் அங்கேதான் குடியிருந்தது.

சூத்திரம் எளிதுதான். அலகு முடிந்து காம்பு தொடங்கும் இடத்தில் இரண்டு பக்கமும் ஒரு தோள். பித்தளைத் தகடு அந்தத் தோளில் வந்து முட்டும். அதன் பின்னால் மரப்பிடி. பிடியின் கடைசியில் குமிழ், அது காம்பின் மரையைப் பிடித்துப் பின்னால் இழுக்கும். தோள் முன்னால் தாங்க, குமிழ் பின்னால் இழுக்க, நடுவில் இருப்பவை நெருக்கப்பட்டு ஒரே துண்டு போல நிற்கும். பசை வேண்டாம், ஆணி வேண்டாம். அந்தப் பித்தளைத் தகட்டுக்கு ஆசாரி பூண் என்றே பெயர் வைத்தார். உலக்கைக்குப் போடுவதும் பூண், இதற்கும் பூண். நானும் அப்படியே சொல்கிறேன்.

இரும்புக்குப் பழைய இரும்புக் கடையில் லாரியின் வில்பட்டை ஒரு துண்டு வாங்கினேன். 8 மில்லிமீட்டர் தடிமன். வில்பட்டை பெரும்பாலும் சிலிக்கானும் மாங்கனீசும் கலந்த உருக்கு, கரி (கார்பன்) 0.5 முதல் 0.65 விழுக்காடு வரை இருக்கும். சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கினால் கடினமாகும், அதாவது தோய்ச்சல் ஏறும்; எலும்பில் பட்டாலும் எளிதில் விளிம்பு உடையாது. மீன் கத்திக்கு இது போதும். ஆனால் பழைய பட்டைக்குள் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம். லாரிக்கு அடியில் எத்தனை லட்சம் குலுக்கல் வாங்கியதோ. அதனால் ஓரத்தில் விரல் அகலத் துண்டு ஒன்றை வெட்டி, சிவக்கக் காய்ச்சி, எண்ணெயில் போட்டு, வைஸில் வைத்து உடைத்துப் பார்த்தேன். உடைந்த முகம் சாம்பல் நிறத்தில், பட்டுத்துணி போல நெருக்கமாக இருந்தால் சரி. மணல் போலப் பொரபொரவென்று மின்னினால் சூடு அதிகமாகிவிட்டது என்று பொருள். ஏற்கெனவே கறுத்த கோடு தெரிந்தால் அந்தத் துண்டு பழைய விரிசலோடு வந்தது, தூக்கிப் போட வேண்டியதுதான். இந்தச் சோதனைக்கு ஆவது அரை மணி நேரம். செய்யாமல் விட்டால் போவது ஒரு மாத வேலை.

முதல் கத்தியில் மரைக்கு நான் தேர்ந்தெடுத்தது சோம்பேறி வழி. காம்பின் கடைசியில் ஒரு போல்ட்டை வெல்டு வைத்தேன், இல்லை, வைக்கச் சொன்னேன். பார்க்க அழகாக இருந்தது. பூட்டுவதற்கு முன் ஒரு சோதனை செய்தது மட்டும்தான் அந்தக் கத்தியில் நான் செய்த உருப்படியான காரியம்: பிடியின் நீளத்துக்கு ஓர் இரும்புக் குழாயைக் காம்பில் மாட்டி, பின்னால் நட்டைப் போட்டு இறுக்கினேன். பாதி முறுக்கிலேயே 'டக்' என்று ஒரு சத்தம். வெல்டு உடையவில்லை, வெல்டுக்குப் பக்கத்தில் காம்பு கண்ணாடி போல உடைந்திருந்தது. இந்த உருக்கு வெல்டு சூட்டிலிருந்து சட்டென்று ஆறும்போது அந்த ஓரத்தில் தானாகவே தோய்ச்சல் ஏறிவிடுகிறது. கடினம் உண்டு, தாங்கும் தன்மை இல்லை. முன்பே காம்பைச் சூடாக்கி, பின்பும் மெதுவாக ஆறவிட்டு, மறுபடி மிதமான சூட்டில் வைத்துக் கடினத்தைக் கொஞ்சம் குறைக்க, அதாவது பதம் இறக்க, தெரிந்தவர்கள் வெல்டு வைக்கலாம். எனக்கு அந்தத் துணிச்சல் போய்விட்டது. மீன் நறுக்கும்போது கையில் பிடி மட்டும் இருந்து அலகு பறப்பதை நினைத்துப் பாருங்கள்.

ஆசாரியிடம் உடைந்த துண்டைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தாய் இரும்பு எட்டு மில்லி இருக்கிறது சார். அதிலேயே மரை போடாமல் எதற்கு இரவல் வாங்கினீர்கள்?" என்றார். நியாயமான கேள்வி.

இரண்டாவது கத்தியில் அலகையும் காம்பையும் 5 மில்லிமீட்டருக்கு அடித்து, காம்பின் நுனியில் மட்டும் தடிமனை விட்டுவைத்தார். அடித்து முடித்ததும் சாம்பல் குவியலுக்குள் புதைத்து, மறுநாள் காலையில் எடுத்தோம். மெல்ல ஆறிய உருக்கு அரத்துக்கு வெண்ணெய் மாதிரி. நுனியை 6 மில்லிமீட்டர் உருண்டையாக அரத்தால் தேய்த்து, எம் 6 டை போட்டு மரை வெட்டினேன். அரைச் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால், சொட்டுச் சொட்டாக எண்ணெய். அருமையான மரை. அதை இரண்டு நாள் மேஜையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு பூணில் துளை போட உட்கார்ந்தேன். காம்பு 5 மில்லிமீட்டர் தடிமன், அதனால் பூணில் 5 மில்லிமீட்டர் அகலத்தில் நீளவாக்கில் ஒரு துளை. மூன்று துளைகளை வரிசையாக டிரில் செய்து, இடையில் இருப்பதை ஊசி அரத்தால் எடுத்து, மூன்று மாலை நேரம் குனிந்த தலை நிமிராமல் தேய்த்தேன். முடித்து, காம்பில் நுழைக்கப் போனேன். நுழையவில்லை. 6 மில்லிமீட்டர் மரை 5 மில்லிமீட்டர் துளைக்குள் எப்படி நுழையும்? பூண் பின்பக்கமிருந்துதானே வர வேண்டும்! கணக்கு எழுதிப் பிழைத்தவன் என்று மேலே சொல்லியிருக்கிறேன். அதை நீங்கள் மறந்துவிட்டால் நல்லது.

கழற்றும் கத்திக்கு முதல் விதி இதுதான்: காம்பு பின்னால் போகப் போக எல்லாத் திசையிலும் ஒல்லியாகத்தான் போக வேண்டும். மரை உட்பட. காம்பு 5 மில்லிமீட்டர் என்றால் மரை எம் 5, அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது. துளையை நடுவில் மட்டும் பெரிதாக்கி மரையை நுழைக்கலாம், சாவித் துவாரம் மாதிரி. ஆனால் முன்பக்கம் ஓட்டை தெரியும், தண்ணீர் அதன் வழியாகப் போகும், நான் எதற்காக இந்த வேலையைத் தொடங்கினேனோ அதுவே அடிபட்டுப் போகும். இந்தத் தவறை ஒரு மணி நேரத்தில் தவிர்த்திருக்கலாம். அட்டையிலும் ரீப்பர் கட்டையிலும் மாதிரி செய்து, ஒரு முறை பூட்டிக் கழற்றிப் பார்த்திருந்தால் போதும். இப்போது எதைத் தொடங்கினாலும் முதலில் கட்டையில் ஒரு பொம்மைக் கத்தி செய்துவிடுகிறேன்.

அழகான மரையை ஹாக்சாவால் அறுத்தேன். வலித்தது. மிச்சமிருந்த காம்பின் நுனியை 5 மில்லிமீட்டர் உருண்டையாக்கி, எம் 5 மரை 15 மில்லிமீட்டர் நீளத்துக்குப் போட்டேன். ஆனால் காம்பு இப்போது குட்டை. பிடியின் நீளம் 120 மில்லிமீட்டர். காம்பு அதற்குள் 90 மில்லிமீட்டர்தான் எட்டும். லேத்துக்காரரிடம் போய்த் தலையைச் சொறிந்தேன். அவர் டீயைக் கீழே வைக்காமலே வழி சொன்னார்: "கம்பி வெளியே வராவிட்டால் நட்டு உள்ளே போகட்டும்." குமிழுக்கு முன்னால் 42 மில்லிமீட்டர் நீளத்தில், 10 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு தண்டு, அதற்குள் மரை. எல்லாம் ஒரே பித்தளைத் துண்டில் கடைந்தார். அது மரத்துக்குள் நுழைந்து காம்பைத் தேடிப் பிடிக்கிறது. 12 மில்லிமீட்டர் அளவுக்கு மரையோடு மரை கோத்துக்கொள்கிறது. யோசித்துப் பார்த்தால் இதுவே நல்ல அமைப்பு: காம்பின் மரை பிடியின் நடுவில் பத்திரமாக இருக்கிறது, வெளியே ஒரு நூல்கூடத் தெரிவதில்லை.

அதிலும் ஒரு சின்னச் சறுக்கல். தண்டுக்குள் மரையை நான் தேவையான ஆழத்துக்குச் சொல்லவில்லை. குமிழைத் திருகினேன், கல் மாதிரி இறுகியது; பிடியோ லொடலொடவென்று ஆடியது. காம்பின் நுனி தண்டின் அடியில் போய் முட்டி நின்றுவிட்டது, குமிழ் இன்னும் மரத்தைத் தொடவே இல்லை. உள்மரை எப்போதும் தேவைக்கு மேல் ஏழெட்டு மில்லிமீட்டர் ஆழமாக இருக்க வேண்டும். எம் 5 டேப்புக்கு 4.2 மில்லிமீட்டர் துளை. அதை இன்னும் கொஞ்சம் உள்ளே கொண்டுபோனதும் சரியாகிவிட்டது. குமிழின் முதுகில் ஐந்து ரூபாய் நாணயம் நுழையும் அளவுக்கு ஒரு வெட்டு. கத்தியைக் கழற்ற எங்கள் வீட்டில் ஸ்பானர் தேட வேண்டாம், சில்லறை இருந்தால் போதும்.

தோள் பற்றி இரண்டு வரி. காம்பும் அலகும் சந்திக்கும் மூலையைச் சதுரமாக அறுக்காதீர்கள். தோய்ச்சலின்போது விரிசல் தொடங்குவதும், பின்னாளில் உடைவதும் அந்தக் கூர்மூலையில்தான். 2 அல்லது 3 மில்லிமீட்டர் வளைவோடு உருண்ட அரத்தால் முடித்து, அந்த வளைவுக்கு இடம் விட்டுப் பூணின் துளை ஓரத்தைச் சற்றே சரித்துவிட வேண்டும். பூண் எங்கே இடிக்கிறது என்று கண்டுபிடிக்க நான் பயன்படுத்தியது காமாட்சி விளக்கின் கரி. காம்பைச் சுடரில் காட்டிக் கரி ஏற்றி, பூணை நுழைத்து இழுத்தால் இடிக்கும் இடத்தில் பித்தளையில் கறுப்பு ஒட்டும். அங்கே மட்டும் இரண்டு இழுப்பு. மறுபடி கரி. கடைசியில் வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்க்கும்போது அலகுக்கும் பூணுக்கும் நடுவில் வெளிச்சம் கசியக் கூடாது.

தோய்ச்சல் வேலையை ஆசாரியிடம் விடாமல் வீட்டிலேயே செய்தேன். மரை இருக்கும் கத்தியை அவருடைய குறடு கவ்வினால் மரை நசுங்கும் என்ற பயம். காம்பின் மரையில் ஒரு நீள நட்டைப் பூட்டி, அந்த நட்டில் நீளமான கம்பியை வெல்டு வைத்துப் பிடியாக்கிக்கொண்டேன். போல்ட்டுக்கு ஒத்துவராத வெல்டு இங்கே உதவியது. லாரியின் பழைய பிரேக் டிரம்தான் உலை, வேலிக்காத்தான் கரி, சின்ன ஊதி. திறந்தவெளியில், இருட்டிய பிறகு. பகல் வெளிச்சத்தில் இரும்பின் நிறம் ஏமாற்றும். பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருந்தேன். 770 டிகிரி செல்சியஸ் வாக்கில் இரும்பு காந்தத்தோடு பேச்சை நிறுத்திவிடும். அதிலிருந்து இன்னும் ஒரு சாயல் பிரகாசமாகும்வரை காய்ச்ச வேண்டும், அதற்கு மேல் வேண்டாம். அதற்கு முன் மூன்று முறை சிவக்கக் காய்ச்சிக் காற்றில் ஆறவிட்டேன். அடித்த அடியின் முறுக்கெல்லாம் இறங்குவதற்கு.

எண்ணெய் கடலை எண்ணெய், மூன்று லிட்டர், ஏறத்தாழ 50 டிகிரிக்குச் சூடாக்கியது. வண்டியில் வடித்த பழைய எஞ்சின் ஆயிலைச் சொல்பவர்கள் உண்டு. அதன் புகை நுரையீரலுக்கு ஆகாது, மீன் நறுக்கும் கத்திக்கும் வேண்டாம். நுனி கீழே, நேர் செங்குத்தாக, தோள் வரை இறக்கினேன். காம்பு வெளியே. மரை இருக்கும் காம்பு மென்மையாகவே இருக்கட்டும். கையில் தோல் உறை, பக்கத்தில் மணல் வாளி, எண்ணெய்ப் பாத்திரத்துக்கு மூடி. ஒரு கணம் தீ எழும்பும். பின்வீட்டு அம்மா மதிலுக்கு மேலே தலையை நீட்டி, "என்ன தம்பி, வடையா?" என்றார்.

ஆறியதும் அரத்தை விளிம்பில் இழுத்தேன். வழுக்கியது, தோய்ச்சல் ஏறியிருக்கிறது. கத்தியைக் கண்ணுக்கு நேராகப் பிடித்தேன். நுனி இடது பக்கம் 2 மில்லிமீட்டர் ஒதுங்கியிருந்தது. சுத்தியலை எடுக்கும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டிய நேரம் இது, பதம் இறங்காத உருக்கு ஓட்டுச் சில்லு மாதிரி. மகளின் கேக் அடுப்பில் 200 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தேன். இரண்டாவது முறை வைக்கும்போது ஒரு கனமான இரும்புப் பட்டையோடு சேர்த்து, வளைவின் நடுவில் நாணயம் வைத்து, எதிர்ப்பக்கம் சற்று அதிகமாகவே வளையும்படி கவ்வியால் இறுக்கி, மறுபடி இரண்டு மணி நேரம். எடுத்து ஆறவிட்டால் கோடு நேராகியிருந்தது. கேக் அடுப்பின் குமிழ் காட்டும் சூட்டை நம்ப வேண்டாம். தனியாக ஒரு தெர்மாமீட்டர் உள்ளே வையுங்கள். விளிம்பைத் தோய்ச்சலுக்கு முன் 1 மில்லிமீட்டருக்குக் குறையாமல் விட்டுவைத்ததும் நல்லதாயிற்று; மெல்லிய விளிம்பு என்றால் இன்னும் மோசமாக நெளிந்திருக்கும். அதன் பிறகு சாணைதான். இழுப்புக்கு இழுப்பு தண்ணீரில் நனைக்க வேண்டும், விளிம்பு நீலம் பாய்ந்தால் அந்த இடத்தில் பதம் போயிற்று.

பிடிக்கு மரம் தேடி நான் அலையவில்லை. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியபோது, பண்ருட்டிப் பக்கம் மாமனார் தோப்பில் முந்திரியோடு பலாவும் சாய்ந்தது. அந்தப் பலாவில் ஒரு பலகை அவர் வீட்டுத் தாழ்வாரத்தில் அன்றிலிருந்து கிடந்தது. பண்ருட்டிப் பலா மிருதங்கம் செய்யப் போகும் மரம். வருடக்கணக்கில் காய்ந்தது, மஞ்சள் மாறித் தேன் நிறத்துக்கு வந்திருந்தது. "மாமா, ஒரு சாண் நீளம் போதும்" என்றேன். அவர் அந்த மரத்தில் எந்த வருடம் எத்தனை பழம் என்று ஆரம்பித்துவிட்டார். பலகை என் கைக்கு வர மாலையாகிவிட்டது.

மரத்துக்குள் நீளத் துளையை டிரில்லால் போடப் போனால் அது நார் போன போக்கில் ஒதுங்கும். நான் கட்டையை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, ஒவ்வொரு பாதியிலும் உளியால் காம்புக்கும் தண்டுக்கும் பள்ளம் எடுத்து, நாரோடு நார் பொருத்தி எபாக்சி பசையால் மறுபடி ஒட்டினேன். ஒட்டிய கோடு தேடினால்தான் தெரியும். பள்ளத்தின் உட்சுவர் முழுவதும் அதே பசையை மெல்லப் பூசிவிட்டதால் மரம் உள்பக்கமாகத் தண்ணீர் குடிக்காது. பசை ஒட்டுவது மரத்தோடு மரம்தான், காம்போடு அல்ல. ஒட்டும்போது காம்பில் தடிமனாக மெழுகு பூசி, அரை மணிக்கு ஒரு முறை அசைத்துக்கொண்டே இருந்தேன்.

பிடி அலகின் மேல் சுழலாமல் இருக்க, பூணிலிருந்து மரத்துக்குள் இரண்டு ஊசிகள். துருப்பிடிக்காத எஃகு வெல்டிங் ராடின் மேல்பூச்சைத் தட்டி உதிர்த்தால் உள்ளே 3.15 மில்லிமீட்டர் கம்பி; 3.2 டிரில்லுக்கு அளவெடுத்தது போலப் பொருந்தும்.

முதல் மாதம் கழித்துக் கழற்றிப் பார்த்தேன். மரத்துக்கும் பித்தளைக்கும் நடுவில் அழகுக்காக ஒரு தோல் வளையம் வைத்திருந்தேன். அது தண்ணீரில் ஊறி, நசுங்கி, குமிழைத் தளர்த்தியிருந்தது. மரம் நீளவாக்கில் அநேகமாகச் சுருங்குவதே இல்லை. பழி முழுவதும் தோலுக்குத்தான். எடுத்து எறிந்துவிட்டுக் குமிழுக்கு அடியில் ஒரு ஸ்பிரிங் வாஷர் போட்டேன். அதற்குப் பிறகு தளரவில்லை. ஆனால் மரம் குறுக்குவாக்கில் அசையும்: ஐப்பசி மழையில் பிடி பூணைவிட ஒரு மயிரிழை பருத்துக் கட்டைவிரலுக்குத் தட்டுப்படுகிறது, கத்தரி வெயிலில் உள்வாங்குகிறது. அதைத் தேய்த்துச் சரி செய்யப் போனால் வருடத்துக்கு இரண்டு முறை தேய்க்க வேண்டும். விட்டுவிட்டேன்.

இன்னொன்றும் தெரிந்தது. காம்பில் துரு பிடித்திருந்தது பித்தளை தொடும் இடத்தில் மட்டும், கோடு போட்ட மாதிரி. இரண்டு வேறு உலோகங்கள் உப்புத் தண்ணீரில் நனைந்து ஒன்றையொன்று தொட்டால் அங்கே ஒரு சின்ன பேட்டரி உண்டாகிறது, அதில் கரைவது இரும்பு. பித்தளைக்கு ஒன்றும் ஆகாது. கழற்ற முடியாத கத்தியில் இது உள்ளுக்குள்ளேயே நடந்துகொண்டிருக்கும். இப்போது பூட்டும் முன் காம்பைச் சூடாக்காமல் வெயிலில் வைத்து, தேன்மெழுகு தேய்த்துவிடுகிறேன். தோளிலும் பூணின் துளையிலும் கூட. அலகுக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் இரண்டு சொட்டு. தேங்காய் எண்ணெய் நாளானால் சிக்கு வாடை அடிக்கும், பிசுபிசுக்கும். பித்தளை கறுத்தால் புளி. ஆனால் கழற்றி வைத்துத்தான், புளித்தண்ணீர் அலகில் பட்டால் உடனே கறை.

ஆசாரியிடம் முடிந்த கத்தியைக் கொண்டுபோய்க் காட்டினேன். கழற்றினார், பூட்டினார், மறுபடி கழற்றினார். பிறகு சொன்னார்: "மீனுக்குச் சரி சார். அரிவாளுக்கு இதைச் செய்துவிடாதீர்கள். ஓங்கி வெட்டுகிற ஆயுதத்தில் கழலும் சாமான் இருக்கக் கூடாது." நானும் யாராவது கேட்டால் இதையே சொல்கிறேன். இது இழுத்து நறுக்கும் கத்தி. தேங்காய் உடைக்கவும் விறகு பிளக்கவும் அல்ல. அலகு ஏழு அங்குலம். வீட்டு உபயோகத்துக்கானவை ஆயுதச் சட்டத்தின் உரிமக் கட்டுப்பாட்டில் வருவதில்லை என்றாலும், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகைச் செய்து பஸ்ஸில் எடுத்துக்கொண்டு போய் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க எனக்கு விருப்பமில்லை.

மொத்தச் செலவு, உடைந்த முதல் கத்தியையும் சேர்த்து, இரண்டாயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். கடையில் இதில் கால் பங்குக்கு நல்ல கத்தி கிடைக்கும். மனைவி இந்தக் கணக்கை எனக்கு முன்பே போட்டுவிட்டாள்.

போன மழைக்காலம் முடிந்து தை மாதத்தில் முழுவதுமாகக் கழற்றினேன். காம்பு மெழுகு மங்காமல் இருந்தது. பூணின் பின்பக்கம் ஒரே ஒரு செதில், சங்கரா மீனுடையது, காய்ந்து ஒட்டியிருந்தது. முகர்ந்து பார்த்தேன், மனைவியிடமும் நீட்டினேன். மெழுகு வாசனை மட்டும்தான். துண்டுகளை வரிசையாகத் துணியில் பரப்பி வைத்திருந்தபோது மாமனார் வந்தார். தன் பலாமரத்தைக் கையில் எடுத்துத் தடவிப் பார்த்தவர், பூணையும் தூக்கிப் பார்த்தார். "மாப்பிள்ளை, இது எதற்கு?" என்று அதைக் கவிழ்த்தார். இரண்டு ஊசிகளில் ஒன்று நழுவி, குழாயடித் தொட்டியில் குதித்து, சாக்கடைக் குழிக்குள் போய்விட்டது. ஊசிகளைப் பூணில் இறுக்கமாக அடித்து நிரந்தரமாக நிறுத்தியிருக்க வேண்டும். மரத்துப் பக்கம் மட்டும் வழுக்கினால் போதும். நாளைக்கு முதுநகர் போகிறேன், அரை வெல்டிங் ராடு வாங்க.